திரையில் வந்த நீலம்

கம்ப்யூட்டர் படித்துவிட்டு நல்லூரில் பிரவுசிங் சென்டர் நடத்திவந்தேன். சின்ன பனியன் கம்பெனி வைத்திருந்த ஒருவர் தினமும் வருவார். நகக்கண்ணில் சாயக்கறை இருக்கும். எந்தத் துணியையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்த பிறகுதான் நிறம் சொல்வார்.

மெயில் திறக்க, படம் இறக்க, பதில் அனுப்ப நான்தான் கற்றுக்கொடுத்தேன். அவருடைய முதல் வெளிநாட்டு ஆர்டருக்கு, வேண்டிய நீலத்தைப் படமாக அனுப்பியிருந்தார்கள்.

"மாதிரித் துணி தபால்ல வர பத்து நாளாகுமாம். இதைப் பாத்தே சாயம் போட்டறலாமா கண்ணு?"

"போடலாங்க. நிறம் அப்படியேதாங்க தெரியும்."

திரையில் தெரிந்தது அவர்கள் கேட்ட நீலமில்லை; சரக்கு முழுவதும் வேறு நீலமாகிப்போனது. ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள். மறுநாளும் வந்தார்.

"தப்பு எங்களுதுதான்னு மன்னிப்புக் கேட்டு எழுது கண்ணு. அடுத்த ஆர்டராச்சும் தருவாங்களான்னு பாக்கலாம்."

என் பேச்சைக் கேட்டதால் வந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லாமல், அவர் பெயரைப் போட்டு அந்த மன்னிப்பை அனுப்பினேன்.