நாலு சக்கரம், ரெண்டு தடம்

வெற்றிலை பாக்கு மாற்றிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் அந்தக் காலத்தில் செய்த முதல் தப்பு அது. மெக்கானிக்கை முன்னாலேயே கூப்பிட்டால் விற்கிறவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமாம். அதனால் பேச்சு முடிந்து, தட்டு கை மாறி, மாலை போட்ட பிறகு ஒரு மரியாதைக்கு எங்களைக் கூப்பிடுவார்கள். நாங்கள் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "நல்ல வண்டிங்க" என்று சொல்லி டீ குடித்துவிட்டு வர வேண்டும். நானும் அப்படிப் பத்துப் பதினைந்து வண்டிக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு வண்டிக்குச் சொல்லவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

1. டாக்டர் வண்டி

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. எனக்கு இருபத்தேழு வயது. கருணாபுரத்தில் வீடு, ஊர்க்காரர்கள் காலனி என்று ஒதுக்கிப் பேசுகிற தெரு. அப்பாவும் அம்மாவும் கூலி வேலை. நான் கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டோரம் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு அம்பாசிடர், ஜீப் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை சுத்தமாகத்தான் செய்வேன். ஆனால் ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு இருந்த மதிப்பு, அந்தக் கைக்குச் சொந்தக்காரன் பேசுகிற பேச்சுக்கு இல்லை.

புது கார் வேண்டுமென்றால் அப்போது பேர் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்பா பதிந்த வண்டியை மகன் போய் எடுத்த கதையெல்லாம் எங்கள் பக்கம் உண்டு. அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் பழைய வண்டிக்கு வருவார்கள். பழைய வண்டி பார்க்க எங்கள் ஊர்க்காரர்கள் வைத்திருந்த சட்டம் மூன்று. நம்பரைக் கூட்டினால் எட்டு வரக் கூடாது. கதவைச் சாத்தினால் 'டப்' என்று கனமான சத்தம் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அது டாக்டர் வைத்திருந்த வண்டியாக இருக்க வேண்டும். டாக்டர் மெதுவாகப் போவார், நேரத்துக்கு ஆயில் மாற்றுவார் என்று ஒரு நம்பிக்கை. டாக்டர் பின்சீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். வண்டியை ஓட்டுவது டிரைவர். இதை ஒருவரும் யோசிக்க மாட்டார்கள்.

அந்தப் போராட்டத்தில் ஒரு வாரம் சாலை மறியல் நடந்தபோது ரோடு நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. மறியல் முடிந்து ரோடு திறந்த பிறகும் என் தெருக்காரர்களும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களும் சரியாக முகம் பார்த்துப் பேசிக்கொள்ளாத நாட்கள் கொஞ்சம் இருந்தன. அந்த நாட்களில்தான் சந்தைக்குத் திடீரென்று நிறைய பழைய கார்கள் வந்தன. எல்லாம் புதுப் பெயின்ட். இத்தனை பேர் ஒரே சமயத்தில் எதற்குப் பெயின்ட் அடித்தார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

2. மல்லாட்டைக் களம்

ராமலிங்கம் வடக்கனந்தல்காரன். பதினைந்து வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவன். என் கொட்டகைக்கு அடிக்கடி வருவான். கல்வராயன் மலைக்கு டாக்சி விட வேண்டும் என்பது அவன் ஆசை. வெள்ளிமலையிலிருந்து உடம்பு முடியாதவர்களைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இறக்கிக் கொண்டுவர அப்போது சரியான வண்டி கிடையாது. அந்த ஆசைக்காகத் தன் பங்கு நிலத்தை விற்றான். கிணற்றுப் பாசனம் உள்ள நல்ல நிலம். அது போனால் அவனுக்கு வேறு பங்கு இல்லை.

வண்டியைப் பேசி முடித்தது அவனுடைய அண்ணன் கேசவன். ஊரில் அவர் சொன்னால் சொன்னதுதான். ஆத்தூர் பக்கத்திலிருந்து ஒரு புரோக்கர் கொண்டுவந்த வெள்ளை அம்பாசிடர் அது. டாக்டர் வண்டி, நம்பர் கூட்டினால் ஐந்து, கதவும் 'டப்' என்றது. நான் போனபோது மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காயப்போடும் களத்தில் வண்டி மாலையோடு நின்றது. வெற்றிலைத் தட்டு கை மாறி அரை மணி நேரம் ஆகியிருந்தது. ராமலிங்கத்தின் மனைவி கமலா கைக்குழந்தையோடு வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கே மூவரும் அதே வண்டியில் மலைக்கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு.

கேசவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் களத்தின் ஓரத்திலேயே நின்றேன்.

"கை மாத்தியாச்சு ஏழுமல. சும்மா ஒரு தபா பாத்துட்டு, நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போ."

பானெட்டைத் திறந்தேன். இன்ஜினில் குறை இல்லை. மூடும்போது பார்த்தேன், பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் உள்ள சந்து ஒரு பக்கம் விரல் நுழைகிற மாதிரி, மறு பக்கம் தாள்கூட நுழையாத மாதிரி. கதவு ரப்பரைத் திருப்பினேன். ரப்பர் மடிப்புக்குள் வெள்ளைப் பெயின்ட் தெறித்திருந்தது. கம்பெனியில் பெயின்ட் அடித்த பிறகுதான் ரப்பர் போடுவார்கள். ராமலிங்கம் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். சக்கரம் நேராக இருக்க, ஸ்டீயரிங் மட்டும் சாய்ந்து நின்றது.

மறியல் வாரத்து மரங்கள் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. இந்த வண்டி எங்கேயோ பலமாக மோதி, சேசிஸ் வளைந்து, வெளியே பூசி மெழுகிக் கொண்டுவரப்பட்டிருக்கிறது. சேசிஸ் என்பது வண்டியின் முதுகெலும்பு. அது வளைந்த வண்டி சமதரையில் ஓடிவிடும். மலை இறக்கத்தில் வளைவில் பிரேக் அடித்தால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அந்த ரோட்டில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம்.

சொல்லாமல் போயிருக்கலாம். தட்டு மாற்றிய பிறகு குறை சொல்வது அபசகுனம். அதிலும் கருணாபுரத்துப் பையன், அந்த ஊர்க் களத்தில், அந்த நாட்களில். கமலா குழந்தையைப் பின்சீட்டில் உட்காரவைத்து அழகு பார்த்தாள். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை.

"ஐயா, இந்த வண்டி அடிபட்ட வண்டிங்க. மலைக்கு ஆகாது" என்றேன்.

புரோக்கர்தான் முதலில் பேசினார்.

"என்னங்க இது, கை மாத்தின வண்டியப் போயி இவன் நொட்ட சொல்றான். டாக்டர் வண்டிங்க. கருணாபுரத்து ஆளு பேச்சக் கேட்டா நீங்க வாக்கு மாறப் போறீங்க?"

கேசவன் முகம் இறுகியது. "உன்ன யாருடா இதெல்லாம் கேட்டாங்க?" என்றார். ராமலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். அவன்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. இன்றைக்கு நினைத்தால், அண்ணனை எதிர்த்து அவன் என்ன பேசியிருக்க முடியும் என்று தோன்றுகிறது.

கமலாதான் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள். "நீ எத வச்சு சொல்ற ஏழுமல? எங்களுக்கும் காட்டு."

3. தடம்

எப்படிக் காட்டுவது? சேசிஸ், அலைன்மென்ட் என்றால் யாருக்குப் புரியும்? களத்தைப் பார்த்தேன். முதல் நாள் சாணி போட்டு மெழுகிய தரை, மேலே மெல்லிய புழுதி. என் தொழிலில் நான் கண்டுபிடித்தது என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்று இருக்கிறதென்றால், அது அந்த நிமிஷத்தில் வந்த யோசனைதான்.

"ஐயா, ஒரு குடம் தண்ணி மட்டும் வேணும். வண்டியைத் தள்ள நாலு பேர் வேணும். நான் சொல்றது பொய்யின்னா இனி கள்ளக்குறிச்சியில ஸ்பேனர் தொட மாட்டேன்" என்றேன். பேசி முடித்த பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை விட்டுவிட்டேன் என்று உறைத்தது.

கமலாவே குடத்தைக் கொண்டுவந்தாள். நாலு சக்கரத்தையும் நனைத்தேன். ராமலிங்கத்தை ஸ்டீயரிங்கை ஆடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். நாலு பேர் தள்ள, வண்டி களத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நேராக உருண்டது.

நல்ல வண்டி நேராக உருண்டால் முன்சக்கரம் போன தடத்தின் மேலேயே பின்சக்கரமும் போகும். அச்சு அகலத்தில் நூலிழை வித்தியாசம் இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் இருக்கும். நாலு சக்கரத்துக்கு ரெண்டு தடம். அவ்வளவுதான் கணக்கு. களத்தில் ஈரமாக விழுந்திருந்தது நாலு தடம். இடது பக்கம் பின்சக்கரம் மூன்று விரல் வெளியே போயிருந்தது. வலது பக்கம் அதே மூன்று விரல் உள்ளே. வண்டி நண்டு மாதிரி சாய்ந்து போயிருக்கிறது.

"தரை மேடுபள்ளங்க" என்றார் புரோக்கர்.

கேசவன் கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தடத்தின் ஓரமாகவே குனிந்து குனிந்து களத்தின் கோடி வரைக்கும் நடந்தார். திரும்பி மறு பக்கத் தடத்தோடு நடந்து வந்தார். ஆயுசு முழுக்க மாட்டு வண்டித் தடம் பார்த்த கண் அது. அச்சு வளைந்த வண்டி எப்படிப் போகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இது அச்சு வளைஞ்ச வண்டி போற போக்கு" என்றார். பிறகு புரோக்கரைப் பார்த்து, "இன்னாயா, எங்க இடிச்சுது?" என்று கேட்டார்.

புரோக்கர் கொஞ்ச நேரம் மழுப்பினார். பிறகு ஒத்துக்கொண்டார். மறியல் வாரத்தில் டிரைவர் வண்டியைக் கொண்டுவரும்போது ரோட்டில் கிடந்த புளியமரத்தில் விட்டுவிட்டாராம். "லேசாத்தாங்க" என்றார். லேசாக இடித்த வண்டிக்கு ஒருவரும் முழுப் பெயின்ட் அடிப்பதில்லை.

கேசவன் உள்ளே போய் வெற்றிலைத் தட்டை எடுத்து வந்து புரோக்கர் கையில் கொடுத்து, பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்தக் குடும்பத்தில் மாற்றிய தட்டு திரும்பிப் போனது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்கள். என்னைக் கட்டிலில் உட்காரச் சொல்லவில்லை. நான் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தேன். கமலா வாசல் வரைக்கும் வந்து, "டீ குடிச்சிட்டுப் போ" என்றாள். குடித்தேன்.

4. அழகில்லாத வண்டி

புரோக்கர்களுக்குள் பேச்சு பரவிவிட்டது. ஏழுமலையைக் கூப்பிட்டால் வியாபாரம் கெடும் என்று. மூன்று மாதம் என் கொட்டகையில் சைக்கிள் பஞ்சர்கூட ஒட்டியிருக்கிறேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று அம்மா திட்டியது. இரண்டொரு நாள் எனக்கும் அப்படித் தோன்றியது உண்மை.

ராமலிங்கம் மட்டும் தினமும் வந்தான். இருவரும் சேர்ந்து வண்டி தேடினோம். சின்னசேலத்தில் கல்யாண வாடகைக்கு விட்ட ஒரு அம்பாசிடர் அகப்பட்டது. டாக்டர் வண்டி இல்லை. நம்பரைக் கூட்டினால் எட்டு. கதவைச் சாத்தினால் தகர டப்பா சத்தம். சீட்டெல்லாம் கிழிசல். ஆனால் நனைத்துத் தள்ளினால் ரெண்டே தடம், கோடு போட்ட மாதிரி.

ஊரே சிரித்தது. நிலத்தை விற்று இதையா வாங்கினான் என்று. நான் அந்த வண்டியின் பிரேக், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் என் கையால் பிரித்துக் கோத்தேன். பதினொரு வருஷம் அது கல்வராயன் மலையில் ஏறி இறங்கியது. பிரசவ வலியோடு ஏறியவர்கள், பாம்பு கடித்தவர்கள், கடுக்காய் மூட்டை, மலைத்தேன், ஓட்டுப் பெட்டி என்று ஏற்றாதது இல்லை. ஒரு மழை நாளில் இறக்கத்து வளைவில் எதிரே லாரி வந்துவிட்டதாம். "பிரேக் வச்சேன் ஏழுமல, கவுறு கட்டி இழுத்த மாதிரி நேரா நின்னுச்சு" என்று ராமலிங்கம் வந்து சொன்னான். சொல்லும்போதே அழுதான். அன்றைக்கு நான் கொட்டகையைச் சீக்கிரமே சாத்திவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பஜாரைச் சுற்றி வந்தேன். ஏன் வெட்கப்பட வேண்டும்?

வண்டி பார்க்க வேறு ஊர்களிலிருந்தும் கூப்பிட ஆரம்பித்தார்கள். வடக்கனந்தல் பக்கம் யாராவது கார் வாங்கினால் "தடம் பாத்தாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பிறகுதான் தட்டு.

5. ஷோரூமில்

கமலா பின்சீட்டில் உட்காரவைத்து அழகு பார்த்த குழந்தை பூங்கொடி இப்போது வெள்ளிமலையில் டீச்சர். சில வருஷங்களுக்கு முன்னால் தன் சம்பளத்தில் புது கார் எடுத்தாள். எனக்கு அறுபது தாண்டி, பட்டறையை விட்டாகிவிட்டது. இருந்தாலும் வந்தே ஆக வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கேசவனும் கைத்தடியோடு வந்திருந்தார்.

ஷோரூம் தரை கண்ணாடி மாதிரி. சாவி கொடுக்கப் போகும்போது பூங்கொடி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நாலு சக்கரத்திலும் ஊற்றினாள். டை கட்டிய மேனேஜர் ஓடிவந்தார்.

"மேடம், என்ன பண்றீங்க? இது பிராண்ட் நியூ வண்டி."

"புது வண்டின்னா தடம் இருக்காதா சார்? கொஞ்சம் தள்ளச் சொல்லுங்க" என்றாள்.

தள்ளினார்கள். ரெண்டு தடம். நான் தலையை ஆட்டினேன். மேனேஜர் ஒரு தட்டில் சாவியையும் ஸ்வீட்டையும் வைத்து, குடும்பத்தில் பெரியவர் என்று கேசவனிடம் நீட்டினார். வாங்கிய கேசவன், மடியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து அதில் வைத்தார். பிறகு கைத்தடியை ஊன்றி மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தேன்.

"அன்னிக்கு உன்னக் கேக்காம தட்ட மாத்திட்டேன் ஏழுமல" என்றார். "இன்னிக்கு நீ உக்காந்து வாங்கு. நீ குடுத்தாத்தான் புள்ள வண்டி எடுக்கும்."

புதுசு வாங்கலாமா, பழசு வாங்கலாமா என்று இன்றைக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். தட்டை மாற்றுவதற்கு முன்னால் ஒரு குடம் தண்ணீர் செலவு பண்ணுங்கள், குறை சொல்கிறவன் எந்தத் தெரு என்று பார்க்காதீர்கள். நான் அன்றைக்கு அந்த ஷோரூம் சோபாவில் உட்கார்ந்தேன். இரண்டு கையாலும் தட்டை வாங்கி, பூங்கொடியிடம் கொடுத்தேன்.