சர்வருக்கு வாடகை வீடு பார்த்தது

1. நான்காவது படி

தெற்கே, ஆற்றங்கரையில் இருக்கும் வண்ணார்பேட்டையில் எங்கள் தலைமை அலுவலகத்து வாசலில் ஏழு படிகள். வெள்ளம் வந்த அன்று காலை நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் மூன்றாவது படியில் இருந்தது. மெயினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது நான்காவது படி. இடைப்பட்ட நேரம் பதினேழு நிமிடம். மிச்சம் மூன்று படிக்கு எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்ற என்னை எலெக்ட்ரீஷியன் சாகுல் பாய்தான் உலுக்கினார்.

"கணக்க மாடில போயி போடுவோம் அண்ணாச்சி. மொதல்ல பொட்டியப் பிடிங்க."

எங்கள் நிறுவனம் ஐந்து ஊர்களில் டயாலிசிஸ் கிளைகள் நடத்துகிறது. நான் அங்கே சிஸ்டம்ஸ் மேனேஜர். எல்லா நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளும் கீழ்த்தளத்தில் இருந்த இரண்டு சர்வரிலும் ஒரு ஸ்டோரேஜ் பெட்டியிலும்தான் இருந்தன. மூன்றையும் நோயாளி ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, தூவானம் படாமல் வெள்ளைத் துணியால் மூடி, மாடிக்குக் கொண்டுபோனோம். படியோரம் நின்ற வாட்ச்மேன் தலைத்துண்டை எடுத்துவிட்டு, "போயிட்டாங்களா?" என்று கேட்டார். சாகுல் பாய் மூச்சு வாங்கிக்கொண்டே, "இல்லவே, உசுரு இருக்கு. வழிய விடும்" என்றார்.

தண்ணீர் ஏழாவது படியைத் தாண்டி, சர்வர் அறைக்குள் முழங்கால் அளவு நின்றுவிட்டு மறுநாள் வடிந்தது. நிறுவனத்தை நடத்தும் டாக்டரம்மா சேற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான். "ஆத்தங்கரையில இனி இத வைக்க வேண்டாம் அண்ணாச்சி. எந்த ஊரா இருந்தாலும் சரி, பத்திரமான எடமாப் பாருங்க."

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அலுவலக அனுபவத்தில் வீட்டுச் சமாசாரம் கூடாது என்பதுதான் என் கட்சி. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் மீதி விளங்காது. அந்தப் பெட்டிகளில் குறிப்பு இருந்த நோயாளிகளில் ஒருத்தி என் மனைவி கோமதி. சேரன்மகாதேவிக் கிளையில் செவ்வாய், வியாழன், சனி.

2. எண்பத்தாறு கேள்விகள்

கோலொகேஷன் என்பதை வாடகை வீடு என்று வைத்துக்கொள்ளலாம். சட்டி பானை நம்முடையது, வீடு அவர்களுடையது. சர்வர் நாம் கொண்டுபோவது. அதை வைக்க ரேக், கரன்ட், ஏசி, காவல் எல்லாம் டேட்டா சென்டர்காரர்கள் தருவது. வீடு மாறுகிறவன் தண்ணீர் வருமா, வெயில் அடிக்குமா என்று கேட்பதுபோல் நானும் கேட்க உட்கார்ந்தேன். எழுதி முடித்தபோது எண்பத்தாறு கேள்விகள் ஆகியிருந்தன.

கோமதி அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். "நம்ம மவளுக்கு மாப்பிள்ள பாக்கையில நீங்க மூணு கேள்விதான கேட்டிய?" என்றாள்.

முதலில் பார்த்தது சென்னையில். வரவேற்பறையில் மீன் தொட்டி, அதில் ஒன்பது மீன்கள். விற்பனை அதிகாரி, ஆண்டுக்கு 99.98 சதவீதம் கரன்ட் நிற்காது என்று எழுதித் தருவதாகச் சொன்னார். அப்படியென்றால் வருஷத்துக்கு நூற்றைந்து நிமிடம் நிற்கலாம், அது எந்தக் கிழமை நிற்கும் என்று கேட்டேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டச் சொன்னேன். அதெல்லாம் ஆட்டோமேட்டிக் என்று மறுபடியும் மீன் தொட்டிப் பக்கமே கூட்டிவந்தார்.

இரண்டாவதும் சென்னைதான். கட்டடம் நல்ல கட்டடம். ஆனால் நம் பெட்டியை அங்கே ஓர் ஆள் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் ஈமெயிலில் டிக்கெட் போட்டு நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். போனில் மனிதக் குரல் கிடையாது. எண்பத்தாறுக்கு எழுபத்து நான்கு மார்க் போட்டேன்.

மூன்றாவது கோயம்புத்தூரில், மேட்டு நிலத்தில், அலங்காரம் ஒன்றும் இல்லாத கட்டடம். அங்கிருந்த மேனேஜர் என்னை நேராக ஜெனரேட்டரிடம் அழைத்துப்போய் மெயினை அணைக்கச் சொன்னார். பதினோரு விநாடியில் பிடித்தது. அந்தப் பதினோரு விநாடியும் யுபிஎஸ் தாங்கியது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு டீசல் இருப்பு. கேபிள் கட்டடத்துக்குள் நுழையக் கிழக்கே ஒரு வழி, மேற்கே ஒரு வழி. எப்போதாவது கைவிட்டதுண்டா என்று கேட்டதற்கு ஒரு ரெஜிஸ்டரைத் திறந்து நீட்டினார். ஒருமுறை, இருபத்து மூன்று நிமிடம். காரணத்தைத் தன் கையாலேயே எழுதி, 'என் கவனக்குறைவு' என்று முடித்திருந்தார். அந்த இடத்துக்கு எண்பத்தொரு மார்க்.

கையெழுத்துப் போடும்போது டாக்டரம்மா கேட்டது ஒன்றுதான். "எந்நேரமும் போன எடுக்க ஆள் இருக்குமா?" அது அறுபத்தொன்றாவது கேள்வி, இருக்கும் என்றேன்.

பெட்டிகள் கோயம்புத்தூர் போயின. எல்லாக் கிளைகளும் வண்ணார்பேட்டை வழியாகத்தான் அங்கே போய் வரும். அதற்காக வண்ணார்பேட்டையிலிருந்து இரண்டு கம்பெனிகளிடம் இரண்டு இன்டர்நெட் லைன் வாங்கினேன். அந்த இரண்டு லைனைத் தவிர வேறு எந்த வழியாகவும் யாரும் நுழைய முடியாதபடி அங்கே ஃபயர்வால் என்கிற காவல் கதவைப் பூட்டினேன். இன்னொன்றும் செய்தேன். நோயாளிகள் கையில் வைத்திருந்த சிகிச்சை நோட்டை நிறுத்தினேன். இரண்டு இடத்தில் எழுதினால் என்றைக்காவது ஒன்று தப்பாகும் என்பது என் வாதம். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

3. ஆறு கட்டில்

ஏழு மாதம் ஒரு தடங்கலும் இல்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை.

சேரன்மகாதேவிக் கிளையில் ஆறு கட்டில். முதல் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு. மற்ற ஊர்களில் ஏழரைக்குத்தான். கோமதியை ஐந்து ஐம்பதுக்குக் கொண்டுபோய் நான்காம் கட்டிலில் உட்கார வைத்தேன். களக்காட்டுக்காரர் ஒருவர் முதல் பஸ்ஸில் வந்திருந்தார். ஞாயிறும் திங்களும் சிகிச்சை இல்லாததால் உடம்பில் நீர் ஏறி, படுக்க முடியாமல் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

நர்ஸ் முத்துமாரி வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. "சார், சிஸ்டம் சுத்திக்கிட்டே இருக்கு. யாரோட சார்ட்டும் வர மாட்டேங்குது" என்றாள்.

சார்ட் இல்லாமல் மிஷினில் ஏற்ற முடியாது. தேங்கிய நீரெல்லாம் போன பிறகு ஒருவர் உடம்பு இருக்க வேண்டிய எடைக்கு டிரை வெயிட் என்று பேர். அது தெரிந்தால்தான் இன்றைக்கு எத்தனை லிட்டர் எடுப்பது என்று தெரியும். ரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின் எவ்வளவு, யாருக்குப் போடவே கூடாது என்பதும் அதில்தான். கூட எடுத்தால் ஆள் மயங்கிவிடுவார். ஹெபாரின் தப்பினால் இன்னும் மோசம்.

இரண்டு லைனும் போயிருந்தன. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிப் போகும் என்று எனக்குப் புரியவில்லை. சாகுல் பாயை வண்ணார்பேட்டைக்கு அனுப்பினேன். செல்போனில் இன்டர்நெட் இருந்தது. ஆனால் வேறு வழியாக யாரும் நுழையக் கூடாது என்று பூட்டியவன் நான்தானே. நோட்டு இருந்தால் ஒரு நிமிட வேலை. அதையும் நான்தான் நிறுத்தியிருந்தேன்.

கோயம்புத்தூருக்குப் போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"சொல்லுங்க சார், கௌசல்யா பேசறேனுங்க."

ஃபயர்வாலைத் திறக்க அந்தப் பெண்ணுக்குப் போனில் சொல்லிக்கொடுத்து முடிக்க அரை மணிக்கு மேல் ஆகும். களக்காட்டுக்காரருக்கு அவ்வளவு நேரம் இல்லை. ரேக்கில் மானிட்டரும் கீபோர்டும் மாட்டி, சர்வரில் நுழைந்து, ஆறு பேர் சார்ட்டை வாசிக்க முடியுமா என்று கேட்டேன். நோயாளி விவரத்தை வெளியார் பார்ப்பது விதிப்படி தவறு. டாக்டரம்மாவை முறையாகக் கூப்பிட்டு அனுமதி வாங்கினேன் என்று எழுத ஆசை. உண்மையில் முத்துமாரியின் போனைப் பிடுங்கித்தான் பேசினேன். "வாசிக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. நான் சொன்னேன்னு எழுதிக்கிடுங்க" என்றார்.

பாஸ்வேர்ட் பதினாறு எழுத்து. நானே வைத்தது. ஒவ்வொரு எழுத்தாக அந்தப் பெண்ணுக்குச் சொல்லும்போது என்னை நானே திட்டிக்கொண்டேன்.

4. கௌசல்யா வாசித்தது

களக்காட்டுக்காரரின் சார்ட் முதலில். "டிரை வெயிட் அம்பத்தாறுங்க. அஞ்சு, ஆறு. எழுதிட்டீங்களா?" ஒவ்வொன்றையும் இரண்டுமுறை வாசித்தாள். நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்ததற்குப் போனாள். ஆறு எட்டுக்கு அவர் மிஷினில் ஏறினார். அடுத்தடுத்து நான்கு பேர்.

மிச்சம் கோமதி. அது எனக்கு மனப்பாடம். "நாற்பத்தொன்பது. ஹெபாரின் வழக்கம்போல" என்று முத்துமாரியிடம் சொன்னேன். அவள் சிரிஞ்சில் மருந்தை ஏற்ற ஆரம்பித்தாள்.

கட்டிலிலிருந்து கோமதி, "என்னதையும் அந்தப் பிள்ளைட்ட கேளுங்க" என்றாள்.

"எனக்குத் தெரியாததா?"

"கேளுங்களேன்."

கேட்டேன். கௌசல்யா வாசித்தாள்.

"கோமதி அம்மாள். டிரை வெயிட் நாப்பத்தேழு புள்ளி அஞ்சுங்க. சனிக்கிழமை மாத்தியிருக்காங்க. ஹெபாரின் போடக்கூடாதுங்க. ஈறுல ரத்தம் வருதுன்னு எழுதியிருக்குதுங்க." வாசித்து முடித்ததும், "சார், திருப்பிச் சொல்லுங்க" என்றாள்.

திருப்பிச் சொன்னேன். முத்துமாரி சிரிஞ்சை டிரேயில் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை நான் அலுவலகத்தில் இருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என்ன சொன்னார்கள் என்று வழக்கம்போல் கேட்டேன். எல்லாம் பழையபடிதான் என்றாள்.

"ஏன்ட்டி சொல்லல?"

"சொன்னா ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு வாயத் தொறக்கச் சொல்லுவிய. எத்தன சொட்டு, எத்தன சொட்டும்பிய. நீங்களாச்சும் ஒறங்கணும்னுதான்."

ஆறு இருபத்தைந்துக்கு அவளும் ஏறினாள். பிறகு கௌசல்யாவை வைத்துக்கொண்டே ஃபயர்வாலைத் திறந்தோம். ஏழு பதினைந்துக்கு எல்லா ஊரிலும் திரை வந்துவிட்டது. அதற்குள் சாகுல் பாய் கூப்பிட்டார். ஆற்றுப்பாலத்து முக்கில் ரோட்டு வேலைக்குப் பொக்லைன் தோண்டியிருக்கிறது, இரண்டு லைனும் அறுந்து கிடக்கின்றன என்றார்.

"ரெண்டும் வேற வேற கம்பெனில்லா பாய்?"

"கம்பெனிதான் வேற அண்ணாச்சி. ரெண்டு பேரும் ஒரே குழாய்ல போட்டிருக்கான்."

கோயம்புத்தூரில் கேபிள் எத்தனை வழியாக நுழைகிறது என்று நின்று பார்த்தவன், என் அலுவலகத்திலிருந்து ஒரு பர்லாங் நடந்து பார்க்கவில்லை. இரண்டு கம்பெனியின் ரசீதை எண்ணி, இரண்டு வழி என்று நம்பிவிட்டேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். டேட்டா சென்டரைப் பார்த்துவிட்டு வந்த காலோடு உங்கள் வாசலிலிருந்தும் நடந்து பாருங்கள். அடுத்த மாதமே ஒரு லைனைப் பாலத்துக்குப் போகாத வேறு பாதையில் மாற்றினோம். ஒவ்வொரு கிளையிலும் அந்தந்த நோயாளிகளின் சார்ட் நகல் இருக்க ஒரு சின்னப் பெட்டி வைத்தோம். நோட்டும் திரும்பி வந்தது. இரண்டு இடத்தில் எழுதினால் ஒன்று தப்பாகலாம் என்று வாதாடிய நான், ஒரே இடத்தில், அதுவும் என் தலைக்குள், வைத்திருந்தது தப்பாகிப்போனதைப் பார்த்துவிட்டேனே.

அன்று பத்தரை மணிக்குக் கோமதியை மிஷினிலிருந்து இறக்கினார்கள். எடை பார்த்து, முழங்கைக் கட்டை அழுத்திக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தவள், "அந்தப் பிள்ளைக்கு ஒரு வார்த்த சொல்லிருங்க" என்றாள்.

கௌசல்யாவின் ஷிப்ட் முடிந்திருந்தது. வாசல்வரை போய்விட்டவளை யாரோ கூப்பிட்டார்கள் போல, ஓடிவந்து மூச்சு வாங்கத்தான் பேசினாள். ஆறு பேரும் நல்லபடியாக இறங்கிவிட்டார்கள் என்றேன்.

"சரிங்க சார்" என்றாள். பிறகு, "வாடிக்கையாளர் ரேக்குல என்ன இருக்குதுன்னு நாங்க கேக்கக்கூடாதுங்க. அதான் ரூல்ஸ். இருந்தாலும் கேக்கறேனுங்க. அந்தக் கடைசி அம்மாவுக்கு எப்படி இருக்குதுங்க?"

போனைக் கோமதியிடம் கொடுத்தேன்.