மடியில் மூன்று பை, காதில் ஒரு அட்ஜஸ்ட்

இன்று காலை மண்ணாடிப்பட்டு பஸ்ஸில் அதிசயமாக உட்கார இடம் கிடைத்தது.

"யக்கா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு" என்று மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒரு பெண் உட்கார்ந்தாள். அப்படியென்றால் நகரு.

நம்ம பஸ்ஸில் உட்கார்ந்தவர் மடி ஊருக்கே பொது. நின்றிருந்தவர்களின் மூன்று சாப்பாட்டுப் பைகள் என் மடிக்கு வந்தன. "கொயம்பு சாயுதுக்கா, அட்ஜஸ்ட் பண்ணிப் புடி." அப்படியென்றால் நிமிர்த்து.

அப்போதுதான் நான் வேலை பார்க்கும் திருவாண்டார்கோயில் கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் போன். நாளைக்கு என் மகளின் பள்ளி ஆண்டு விழா. முதல் முறையாக மேடையேறி ஆடுகிறாள். போன வாரமே லீவு சொல்லி வைத்திருந்தேன்.

"ரெண்டு பேரு வரல. நாளைக்கு நீ வந்துடும்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

அப்படியென்றால் வாயை மூடு.

"சார், கொயந்த..." என்பதற்குள் வைத்துவிட்டார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் பைகள். கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை.

வீட்டுக்குப் போன் போட்டேன். மகள்தான் எடுத்தாள்.

"அம்மாவால நாளைக்கு வர முடியாது பாப்பா. அப்பா வரும். நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கடி."

ஆமாம், நானேதான் சொன்னேன்.

கத்துவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். "சரிம்மா" என்றாள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. ஒன்றாவதுதான் படிக்கிறாள்.

எதற்கும் பொருந்துகிற இந்த வார்த்தையை வைத்து "முடியாது" என்று சொல்ல வழி இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். சாயங்காலம் அவளுக்குச் சொல்லித் தர வேண்டும்.