கதவுக்கு வெளியே கற்ற இங்கிலீஷ்

அமிர்தராஜுக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. தக்காளி வாங்கி வந்தால் வீட்டுத் தராசில் இன்னொரு முறை நிறுத்துப் பார்ப்பார். போதகர் ஜெபத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டால் அதிலும் ஏதோ இருக்கிறது என்பார். பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாக மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறார். அப்பேர்ப்பட்ட மனுஷன் வீட்டில், ஒரே மகள் கெசியா தினமும் சாயங்காலம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் இங்கிலீஷில் பேசினால் சும்மா இருப்பாரா?

"ஐடி கம்பெனின்னா அப்படித்தானுங்க, விடுங்க" என்றாள் மனைவி கரோலின்.

"ஆபீஸ் விசயம் பேசறதுக்கு எதுக்கு அம்மணி சிரிப்பு வருது?"

கரோலின் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். திரும்பிக்கொண்டதையும் அவர் மனசில் குறித்துக்கொண்டார்.

பயம் ஒன்றே ஒன்றுதான். மகள் எவனையோ பார்த்துவிட்டாள், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவாள். நேரில் கேட்டிருக்கலாம். கேட்டு, ஆமாம் என்று சொல்லித் தொலைத்துவிட்டால்? அதற்குத்தான் தைரியம் வரவில்லை.

உக்கடம் பழைய புத்தகக் கடையில் இங்கிலீஷ் கற்றுத்தரும் புத்தகம் ஒன்று வாங்கினார். டிபன் பைக்குள் ஒளித்துவைத்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்தார். புத்தகத்தையும் அவர் நம்பவில்லை. பக்கத்துக்குப் பக்கம் ராமு சந்தைக்குப் போகிறான். நாற்பது பக்கம் தாண்டியும் ஒரு கத்தரிக்காய் வாங்கின பாடில்லை. 'இவன் வேற சோலியாத்தான் போறான்' என்று ஓரத்தில் எழுதிவைத்தார். பாடத்தின் முடிவில் சொந்தமாக ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தது. ஒய் டோர் குளோஸ்? ஹூ ஈஸ் தட் மேன்? ஒய் லாஃபிங்? ஐந்து கேட்ட இடத்தில் பதினாறு எழுதினார்.

ஆரம்பத்தில் கதவோரம் நின்றால் சளசளவென்று ஒரு இழவும் பிடிபடாது. அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வார்த்தைகள் சிக்கின. நாலாவது மாதம் முழு வாக்கியங்களே விளங்கத் தொடங்கின. 'நமக்கும் மண்டை இருக்குதப்பா' என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை கரோலின் சர்ச்சுக்குப் போயிருந்தாள். அமிர்தராஜ் வழக்கம்போலக் கதவருகே போய் நின்றார்.

"மை ஃபாதர் ஈஸ் எ குட் மேன்" என்றாள் கெசியா உள்ளே.

அட! அப்பா நல்ல மனுஷனாம். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஐ ஆம் அஃப்ரெய்ட் டு டெல் ஹிம்."

சொல்லப் பயமாக இருக்கிறதாம். எதைச் சொல்ல? சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பியவரின் கண்ணில் அது பட்டது. கெசியாவின் போன் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. லேப்டாப் பையும் சோபாமேல் அப்படியே இருந்தது. அப்படியானால் உள்ளே யாரிடம் பேசுகிறாள்?

கொஞ்ச நாளாகவே ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் பேசினாளே, அது கதவுக்கு வெளியே நிற்கும் தனக்காகத்தான் என்று இப்போது தெரிந்தது. தினமும் அவர் டிபன் டப்பாவை எடுத்துக் கழுவுகிறவள் கண்ணில் பைக்குள் இருந்த புத்தகம் படாமலா இருந்திருக்கும்?

"ஐ வான்ட் டு மேரி ஹிம். ஹிஸ் நேம் ஈஸ் ஆஸிம்."

கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டுமாம். பையன் பெயர் ஆஸிமாம். சபையில் என்ன பேசுவார்கள், தாராபுரத்துச் சொந்தம் வாசல் மிதிக்குமா, கரோலினுக்கு முன்பே தெரியுமா என்று எல்லாம் ஒரே நேரத்தில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன. ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.

கதவு திறந்தது. கெசியாவின் முகம் வெளுத்திருந்தது.

"புரிஞ்சுதுங்களாப்பா?"

ஒரு எழுத்து விடாமல் புரிந்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை.

"இல்ல கண்ணு, ஒண்ணும் புரியல."

கெசியா அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"சரிங்கப்பா. அப்பத் தமிழ்லயே சொல்றேன்."