சபாநாயகர் வேம்புலியின் ஒற்றை ஓட்டு

வெள்ளானூர்ச் சேரியில் சபாநாயகர் என்று ஒரு பதவி ஏறக்குறைய இரண்டு வருஷம் இருந்தது. அதில் உட்கார்ந்தவர் ஒரே ஆள், எங்கள் வேம்புலி மாமா. அந்தப் பதவியில் இருந்துகொண்டு அவர் செய்த காரியம் ஒன்றே ஒன்று. அதையும் செய்யாமல் இருந்திருக்கலாம்.

அவரை அந்தப் பதவிக்குத் தூக்கிவிட்டவர் என் நைனா மதுரைவீரன். பொன்னியம்மா அத்தை நைனாவுக்கு அக்கா, வேம்புலி மாமாவுக்குப் பெண்டாட்டி. நான் அப்போது பிறக்கவே இல்லை. நைனா சொன்னது பாதி, அத்தை குறுக்கே புகுந்து திருத்தியது மீதி. அதனால் எங்கள் வீட்டுத் தப்பையும் நானே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம்.

1937-இல் சென்னை மாகாணத்துக்குப் புதுச் சட்டசபை வந்தபோது மாமாவுக்கு அங்கே டவாலி வேலை கிடைத்தது. வெள்ளைச் சட்டை, தோளில் குறுக்கே சிவப்புப் பட்டை, பட்டையில் பித்தளை வில்லை. உறுப்பினர்களுக்குக் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். ஓட்டெடுப்பு என்றால் மணி அடிக்க வேண்டும், மணி நின்றதும் கதவைச் சாத்த வேண்டும். திங்கட்கிழமை இருட்டோடு ஆவடி ஸ்டேஷனுக்கு நடந்து ரயில் ஏறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் வீடு திரும்புவார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சட்டசபைப் பேச்சுதான். மொத்தம் இருநூற்றுப் பதினைந்து பேர். ஜமீன்தார்களுக்குத் தனியாக இடம், வியாபாரிகளுக்குத் தனி, முஸ்லிம்களுக்கு, கிறிஸ்தவர்களுக்கு, வெள்ளைக்காரர்களுக்கு, ஆலைத் தொழிலாளிகளுக்கு, பெண்களுக்கு என்று மாமா வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். "நம்ப ஜனத்துக்கு முப்பது" என்று முடிப்பார். அந்த முப்பதில் ஒருவருக்கும் அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு ஜமீன்தாருக்கும் மாமா ஒரே கூஜாவிலிருந்துதான் ஊற்றினார். இரண்டு பேரும் குடித்தார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடுமாம்.

சேரியில் கிணறு கிடையாது. ஏரியில் தண்ணீர் இருக்கிற வரைக்கும் ஏரி, அது வற்றினால் ஊர்க் கிணறு. ஊர்க் கிணற்றில் எங்கள் ஆட்கள் கயிறு போடக் கூடாது. குடத்தை வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். ஊர்க்காரர் யாருக்காவது மனசு வந்து ஊற்றினால் உண்டு. சித்திரை, வைகாசியில் அத்தை காலை முழுக்க அங்கேதான் நிற்பாள். பட்டணத்தில் அத்தனை பேருக்கும் தண்ணீர் ஊற்றுகிறவர் வீட்டில் மத்தியானம் வரைக்கும் குடம் காலியாக இருக்கும்.

1938 மாசியில் சர்க்கார் அதிகாரி ஒருவர் சைக்கிளில் வந்தார். சேரிக்கு ஒரு கிணறு வெட்டித் தர உத்தரவு ஆகியிருப்பதாகச் சொன்னார். ஒன்றுதான். இடத்தை நீங்களே பேசி முடிவு செய்யுங்கள், புதன்கிழமை வருவேன், முடிவு ஆகாவிட்டால் கிணறு அடுத்த ஊருக்குப் போய்விடும் என்றார்.

மேலத் தெரு புளியமரத்தடி என்றது. கீழத் தெரு களத்துமேடு என்றது. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று நான் பின்னாளில் நடந்து பார்த்திருக்கிறேன். அறுபது காலடி. இதற்காக மூன்று நாள் கூச்சல் போட்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் கூடியபோது மாமா பட்டையும் வில்லையுமாக வந்தார்.

"கத்திகினு இருந்தா அது சபையே இல்ல. மொதல்ல சபாநாயகர் ஒர்த்தர் ஓணும். அப்பால தான் பேச்சு" என்றார்.

வீட்டுக்கு ஒரு கை என்று முடிவானது. மேலத் தெரு பதினொரு வீடு. கீழத் தெரு, மாமா வீட்டையும் சேர்த்துப் பன்னிரண்டு. இந்த இடத்தில்தான் மேலத் தெருப் பக்கமிருந்து நைனா எழுந்தார்.

"நம்ப மச்சானைத் தவுர இந்த ஜில்லாவுலயே யாருக்கு அந்தத் தகுதி கீது?"

எதிர்த் தெருக்காரனே இப்படிச் சொல்லவும் கீழத் தெருவுக்குத் தலைகால் புரியவில்லை. சபாநாயகர் தானாகப் போய் உட்காரக் கூடாது, இரண்டு கட்சிக்காரரும் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும், அவர் வேண்டாம் வேண்டாம் என்பது போல வர வேண்டும் என்று மாமா முன்னாலேயே விளக்கிவிட்டார். அழைத்துப் போனார்கள். நைனா கொஞ்சம் ஆசையாக இழுத்ததில் சட்டைக் கை கிழிந்தது. நாற்காலிக்கு எங்கே போவது? அத்தையின் உரலைக் கவிழ்த்துப் போட்டார்கள். மாமா அதன்மேல் உட்கார்ந்து முதல் விதியை அறிவித்தார். சபாநாயகருக்கு ஓட்டு கிடையாது. இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மட்டும்தான் உண்டு.

ஓரமாக இடுப்பில் குடத்தோடு நின்றிருந்த அத்தை சத்தமாகக் கேட்டாள்.

"இந்தாய்யா, பன்னண்டுல ஒண்ணு ஒரல் மேல குந்திகினு கீது. மிச்சம் எவ்ளோ?"

"பார்வையாளருங்கோ பேசக் கூடாது" என்றார் சபாநாயகர்.

மாட்டு மணியை ஆட்டி ஓட்டெடுப்பு நடந்தது. புளியமரத்துக்குப் பதினொன்று, களத்துமேட்டுக்குப் பதினொன்று. திரும்ப எண்ணினார்கள். கைகள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எல்லோரும் உரலைப் பார்த்தார்கள்.

நைனா போட்ட கணக்கு இதுதான். களத்துமேடு மாமா வீட்டு வாசலுக்கு எதிரே. சொந்த வீட்டுக்குச் செய்துகொண்டான் என்ற பேச்சு வந்துவிடுமே என்று பயந்து மனிதர் மேலத் தெருவுக்குக் கை தூக்கிவிடுவார். மாமா பயந்தது என்னவோ நிஜம். ஆனால் மேலத் தெருவுக்குத் தூக்கிவிட்டு அத்தை முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயமும் அவருக்கு இருந்தது. அப்போது சட்டசபை ஆபீஸ் குமாஸ்தா சம்பத் என்றைக்கோ சொன்ன ஒரு விதி, முழுகுகிறவன் கைக்குக் கட்டை அகப்பட்ட மாதிரி ஞாபகத்துக்கு வந்தது. சமமாக வந்தால் சபாநாயகர் எதையும் புதிதாக மாற்றக் கூடாது, இருப்பதை அப்படியே இருக்கவிட வேண்டும்.

"மேலத் தெருவும் இல்ல, கீழத் தெருவும் இல்ல. கீறது கீறபடியே இருக்கணும். அதான் சபை மரபு" என்று மாமா தன் ஒற்றை ஓட்டைப் போட்டார்.



"இங்க இன்னாய்யா கீது, கீறபடியே இருக்கறதுக்கு?" என்றாள் அத்தை.

மாமா சபையை ஒத்திவைத்துவிட்டு எழுந்தார். திங்கட்கிழமை இருட்டோடு பட்டணம் போய்விட்டார்.

புதன்கிழமை அதிகாரி வந்தார். அதற்குள், நைனா உட்பட, எங்கேயாவது வெட்டினால் சரி என்ற நிலைமைக்கு இரண்டு தெருவும் வந்திருந்தன. ஆனால் சபாநாயகர் இல்லாமல் சபை கூடினால் செல்லாது என்று மாமா சொல்லிவிட்டுப் போயிருந்தாரே. அவர் சனிக்கிழமைதான் வருவார் என்று அதிகாரியிடம் சொன்னார்கள். யார் என்று கேட்டார். சபாநாயகர் என்றார்கள். அதிகாரி இவர்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார். கிணறு அடுத்த ஊருக்குப் போனது.

அத்தை சண்டை போடவில்லை. அடுத்த வருஷம் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா சாப்பிட உட்கார்ந்து தண்ணீர் கேட்டபோது காலிச் சொம்பை எதிரே வைத்துவிட்டு விலகி நின்றாள்.

"குந்திகினு இரு. யாராச்சும் வந்து ஊத்துவாங்கோ."

மாமா குடத்தை எடுத்துக்கொண்டு ஊர்க் கிணற்றுக்குப் போனார். பட்டையும் வில்லையும் போட்டுக்கொண்டேதான் போனார், ஏதாவது மரியாதை கிடைக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. குடத்தை வைத்தார், பத்தடி தள்ளி நின்றார். வில்லை வெயிலில் காய்ந்து நெஞ்சில் சுட்டது. உச்சி வேளைக்கு ஒரு அம்மாள் வந்து அரைக் குடம் ஊற்றினாள். அவமானமாக இருந்தது என்று மாமாவே சொல்லியிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படித்தான் நின்றிருக்கிறாள் என்பது தனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது, அது அதைவிடப் பெரிய அவமானம் என்றும் சொல்லியிருக்கிறார்.

மறுவாரமே சம்பத்தைக் கொண்டு, கிணறு கேட்டுச் சர்க்காருக்கு ஒரு மனு எழுதிப் போட்டார். அந்த வருஷக் கடைசியில் ஜெர்மன் சண்டை விஷயமாக மந்திரிகள் எல்லோரும் ராஜினாமா செய்தார்கள். சபை கூடவில்லை. மாமாவை ஒரு ஆபீசில் காகிதக் கட்டுத் தூக்கப் போட்டார்கள். தை மாதம், பொங்கல் லீவில் அவர் வீட்டில் இருந்தபோது அதே அதிகாரி கிணற்றுக்கான உத்தரவோடு அதே சைக்கிளில் வந்தார்.

"சபாநாயகர் இருக்கிறாரா?" என்று கேட்டாராம். கிண்டல்தான்.

சபை அங்கேயே கூடியது. நைனா உரலைக் கவிழ்க்கப் போனார். மாமா தடுத்தார்.

"மந்திரிங்களே ராஜினாமா பண்ட்டாங்கோ. நானும் பண்ட்டேன். இனிமே நான் பன்னண்டாவது ஆளு."

போய்க் கீழத் தெருக்காரர்களோடு நின்று கை தூக்கினார். பன்னிரண்டுக்குப் பதினொன்று. சொந்த வீட்டு வாசலுக்குச் செய்துகொண்டான் என்ற பேச்சு அன்றைக்கே வந்தது. பேசியது நைனாதான். மாமா ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

பங்குனியில் களத்துமேட்டில் தண்ணீர் ஊறியது. முதல் நாள் இரண்டு தெருவும் அங்கே நின்றன. அத்தை நாலு குடம் சேந்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மாமா தன் குடத்தைக் கிணற்றோரமாக வைத்துவிட்டு, பத்தடி தள்ளிப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். தான் அப்படி நிற்பது அவருக்கே தெரியவில்லை.

யாரும் சிரிக்கவில்லை என்று நைனா சொல்வார். அத்தையும் அந்த இடத்தில் அவரைத் திருத்தியதில்லை.

"இன்னாய்யா அங்க நின்னுகினு கீற?" என்றாள் அத்தை. "கயிறு இங்க கீது, வா."

மாமா பத்தடியையும் நடந்து வந்தார்.