பெண் கேட்டு வந்த பன்றி

பன்றியின் வயிற்றைத் தைக்கும்போது டோராய் யாரோடும் பேசமாட்டாள். பேசவும் முடியாது, நூலின் ஒரு முனை பல்லிடுக்கில் இருக்கும். எலுமிச்சைப்புல் கட்டு, வெங்காயத்தாள், பூண்டு, கல்லுப்பு எல்லாம் உள்ளே போனபிறகு கோணி ஊசியால் இழுத்து இழுத்துத் தைப்பாள். ஆர்டர் சொல்ல வந்தவர்கள் அதுவரை ஓரமாக நிற்க வேண்டியதுதான். ஊர்த் தலைவரே வந்தாலும் அப்படித்தான். கடைசித் தையலைக் கடித்து அறுத்துத் துப்பிவிட்டு, "ம், இப்ப சொல்லு. கல்யாணமா, ஞானஸ்நானமா, இல்ல பொறந்தநாளா?" என்பாள்.

செபு தீவில், கார்கார் ஊரைத் தாண்டிக் கடலோரமாகப் போகும் சாலையில், சந்தைக்குப் பின்னால் இருக்கிறது அவளுடைய தணல் குழி. முப்பத்தாறு வயது. ஆண்கள் போடும் அரைக்கால் சட்டை, ஏதோ ஒரு தேர்தலில் யாரோ கொடுத்த பனியன், தலையில் ஈரத்துண்டு. புகையில் ஒரு கண்ணைச் சுருக்கியே பார்த்துப் பழகியதால் புகை இல்லாத இடத்திலும் அப்படித்தான் பார்ப்பாள். தங்களைக் கேலி செய்கிறாள் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும்.

மூங்கில் கழியில் கோத்த பன்றி தணலுக்கு மேல் மெல்லச் சுற்றும். இளநீரில் நனைத்த துணியால் அவ்வப்போது தோலைத் துடைப்பாள். வெந்துவிட்டதா என்று கத்தியால் குத்திப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்காது. விரல் முட்டியால் தோலை ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாள். "பொறு. இன்னும் ஊமையாத்தான் இருக்கு." கணீரென்று சத்தம் வந்தால்தான் கழி இறங்கும். அதற்குமுன் வாங்க வந்தவர் எவ்வளவு பரபரத்தாலும், "பசிக்குதுன்னா வீட்ல போய் ஒரு வாய் சோறு தின்னுட்டு வாங்க" என்பதுதான் பதில்.

மாலையில் பள்ளிக்கூடம் விட்டதும் ஆர்செனியோ வந்துவிடுவான். ஆரம்பப் பள்ளி வாத்தியார். அவளைவிட ஆறு வயது சின்னவன். வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கழியைப் பிடித்துக்கொள்வான். ஒரு கையால் சுற்றிக்கொண்டே, மறு கையில் பிள்ளைகளின் கட்டுரையை வைத்து உரக்கப் படிப்பான். ஒரு நாள் ஒரு சிறுமி, தன் அப்பா திமிங்கலத்தைத் தூண்டிலில் பிடித்துவிட்டு, பாவம் என்று திருப்பி விட்டுவிட்டதாக எழுதியிருந்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு முழு மார்க் போடு" என்றாள் டோராய். "பொய்ய நல்லா தைரியமா சொல்லுது."

"அக்கா" என்பதற்கு அங்கே "மனாங்" என்று சொல்வார்கள். முதல்முதலில் பார்த்தபோது மரியாதைக்காக அவளை மனாங் என்று கூப்பிட ஆரம்பித்தவன், கல்யாணம் என்று இருவரும் பேசிக்கொண்ட பிறகும் அதை விடவில்லை. "பொண்டாட்டியாகப் போறவள அக்காங்கறான்!" என்று சந்தை மீன்காரிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவன் காது சிவக்கும். டோராய்தான் திருப்பிக் கொடுப்பாள்: "உங்க புருஷனுங்க உங்களக் கூப்பிடற பேருக்கு இது தேவலாம். போய் மீன வித்துத் தொலைங்கடி."

அவன் அவளிடம் கேட்டதும் இந்தக் குழியோரத்தில்தான். சுற்றிக்கொண்டிருந்தவன் திடீரென்று கையை நிறுத்தி, "மனாங், நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றான்.

"மொதல்ல சுத்து. நிறுத்துனா ஒரு பக்கம் கருகிடும்."

அவன் சுற்றினான். பன்றி வெந்து, இறங்கி, வாழையிலையில் பொதிந்து, ஆர்டர் கொடுத்தவர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் வரை அதைப்பற்றி ஒரு பேச்சில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, "சரி" என்றாள்.

ஆர்செனியோவின் அம்மா பிலார் டீச்சர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, விதவை. இவன் ஒரே பிள்ளை. டீச்சர் வீட்டில் பேசினாலும் பின்னால் கரும்பலகை இருப்பதுபோல் இருக்கும். அவர் ஓய்வுபெற்ற நாளில் சொந்தபந்தம் அத்தனையும் கூடிய விருந்துக்குப் பன்றி வாட்டியவள் டோராய்தான். "இந்த மாதிரித் தோல் இந்த ஜில்லாவிலேயே கிடையாது" என்று அன்று எல்லோர் முன்னாலும் சொன்னவரும் அதே டீச்சர்தான். ஆனால் நல்ல சமையல்காரியாக இருப்பது வேறு, மருமகளாக வருவது வேறு.

ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் சாப்பாடு எடுத்துக்கொண்டு பெண் கேட்டு வர வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார்கள். டோராய் பூப்போட்ட மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். தலைக்கு எண்ணெய்கூட வைத்திருந்தாள். அவளுடைய அம்மா பாசிங் தென்னங்குருத்துப் பொட்டலங்களில் சோறு அவித்துக் குலைகுலையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அப்பா மெல்ச்சோர் அன்று கடலுக்குப் போகவில்லை.

வேனிலிருந்து டீச்சர் இறங்கினார். அவருடைய தம்பி நிக்கானோர் இறங்கினார். ஆர்செனியோ இறங்கினான்; யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியாக ஒரு நீளமான அட்டைப்பெட்டி இறங்கியது. உள்ளே, முழுசாக வாட்டிய பன்றி ஒன்று. பெட்டிமேல் செபு நகரத்துக் கடையின் முத்திரை.

"இன்னிக்கு ஒரு நாளாவது நீ ஓய்வா இருக்கட்டுமேன்னு சிட்டியிலேர்ந்து வரவழைச்சேன்" என்றார் டீச்சர்.

பாசிங்கின் கை அந்தரத்தில் நின்றது. மெல்ச்சோர் கடலைப் பார்த்தார். தையற்காரன் வீட்டுக்குத் தைத்த சட்டையை வாங்கிக்கொண்டு போனதுபோல் இருந்தது; அது தெரியாமல் செய்த காரியமும் அல்ல. டோராய் பெட்டியருகே போனாள். குனிந்து, விரல் முட்டியால் தட்டினாள். வழியெல்லாம் மூடி வைத்த ஆவியில் தோல் துவண்டு போயிருந்தது.

"ஊமை" என்றாள். பிறகு, "அப்பா, அந்தக் கழிய எடுங்க."

மஞ்சள் கவுனோடு குழிக்குப் போனாள். தணலைக் கிளறி விசிறினாள். பன்றியின் முதுகெலும்பைக் கம்பியால் கழியோடு இறுக்கிக் கட்டினாள். மறுமுனையைப் பிடிக்க ஆளைத் தேடித் திரும்பினால் ஆர்செனியோ ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தான், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு.

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "விருந்தாளி கொண்டாந்தத இப்படித்தான் அவமானப்படுத்துவீங்களா உங்க வீட்ல?"

"அவமானமில்ல டீச்சர். பையன் எழுதிக் கொண்டாந்த வீட்டுப்பாடம் தப்பா இருந்தா நீங்க தூக்கியா எறிவீங்க? திருத்தித்தானே கொடுப்பீங்க. அதத்தான் பண்றேன்."

நிக்கானோர் இருமுவதுபோல் சிரித்தார். அக்கா திரும்பிப் பார்த்ததும் உண்மையாகவே இருமினார்.

சாப்பிட உட்கார்ந்தபோது தோல் மறுபடி மொறுமொறுத்தது. நிக்கானோர் கடித்த சத்தம் தெருவரை கேட்டது. "மெதுவா சாப்பிடு" என்றார் டீச்சர். "எப்படிக்கா மெதுவா சாப்பிடறது? சத்தம் தன்னால வருது" என்றார் அவர். டீச்சர் சோற்றை மட்டும் உதிர்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சு பிறகுதான் தொடங்கியது. டீச்சர் ஒவ்வொன்றாக அடுக்கினார். விருந்து நகரத்து ஹோட்டலில் வைக்க வேண்டும். கல்வி அதிகாரி கல்யாணத்துக்குச் சாட்சியாக, ஞானத்தகப்பனாக நிற்க ஒப்புக்கொண்டிருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு குழியை மூடிவிட வேண்டும்.

"வாத்தியார் பொண்டாட்டி புகையில நின்னு பன்னி சுத்தறது நல்லாருக்காது. ஏற்கெனவே அவனைவிட மூத்தவ வேற."

டோராய் சிறிது நேரம் கையில் ஒட்டிய கொழுப்பைத் துடைத்தாள். 

"வயச என்னால குறைக்க முடியாது, டீச்சர். குழிய மூட முடியும். ஆனா மூடமாட்டேன்."

"செனியோ, நீ சொல்லு" என்று மகன் பக்கம் திரும்பினார் டீச்சர்.

அம்மா கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லும் பழக்கம் அவனுக்கு. எழுந்தான். "சாயங்காலம் வீட்டுக்கு வந்தா எம்மேல வர்ற வாசனை உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும்மா. எனக்குப் பிடிச்சிருக்கு."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப கல்யாணத்தன்னிக்கு என் கைய எதிர்பார்க்காத. கோயில் வாசலிலேர்ந்து பீடம் வரைக்கும் நீ தனியாவே நடந்து போ." வேனில் போய் ஏறிக்கொண்டார். மிச்சத்தை டோராய் வாழையிலையில் கட்டி நீட்டினாள். டீச்சர் வாங்கவில்லை, ஜன்னல் வழியாக நிக்கானோரின் கை வந்து வாங்கிக்கொண்டது.

அதன்பிறகு வேலைகள் நடந்தன. விருந்துக்கு ஊர்ப் பொதுவில் உள்ள கூடைப்பந்து மைதானம் பேசியாயிற்று. மழை வந்தாலும் மேலே தகரக் கூரை உண்டு. கல்வி அதிகாரிக்குப் பதிலாக ஞானத்தாய்களாக மூன்று மீன்காரிகளைக் கூப்பிட்டாள் டோராய். அவர்கள் அழுதார்கள், பிறகு யார் என்ன நிறத்தில் உடுத்துவது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். கல்யாண கவுனை முன்னாலேயே போட்டுப் பார்த்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று அங்கே எல்லோரும் பயப்படுவார்கள். டோராய் போட்டுப் பார்த்தாள். பார்த்ததோடு விடவில்லை, தையற்காரியின் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தாள். தையற்காரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"குந்தி உட்கார முடியாத துணி எனக்கெதுக்கு?" என்றாள் டோராய். "இடுப்புல கொஞ்சம் விட்டுத் தைங்க."

ஆனால் ஆர்செனியோ மெலிந்துகொண்டே வந்தான். வீட்டில் அம்மா சோறு போடுகிறார், சட்டைக்குப் பெட்டி போட்டு வைக்கிறார், கல்யாணம் என்ற சொல்லை மட்டும் வாயில் எடுப்பதில்லை. கட்டுரைகளை அவன் இப்போது உரக்கப் படிப்பதில்லை. ஒரு மாலை, கழியின் மறுமுனையிலிருந்து டோராய் கேட்டாள்.

"உனக்குத் தாங்கலன்னா சொல்லு. ஹோட்டல்லயே வச்சுக்கலாம். குழியப் பத்திச் சொல்லல, ஹோட்டல மட்டும் சொல்றேன்."

அவன் கழியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. "ஹோட்டலக் கொடுத்தா அடுத்தது குழியக் கேப்பாங்க. எங்கம்மாவ எனக்குத் தெரியும், மனாங். அவங்களுக்குப் பிறந்தவன்தானே, நானும் கொஞ்சம் பிடிவாதம் பிடிச்சுப் பாக்கறேன்."

டோராய் இளநீர்த் துணியை எடுத்து, தோலைத் துடைப்பதற்குமுன், வியர்த்திருந்த அவன் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

கல்யாணத்தன்று விருந்துக்கான பன்றிகளை அவளே வாட்டினாள். வேண்டாம் என்று தடுக்க வந்தவர்களையெல்லாம் கரி அள்ள விட்டாள். குளித்து முடித்து உட்கார்ந்தபோது அலங்காரம் செய்ய வந்த பெண் அவள் தலைமுடியை முகர்ந்துவிட்டு, இன்னொரு முறை சோப்புப் போடலாமே என்றாள். "விடு" என்றாள் டோராய். "அவன் தெரிஞ்சுதான் கட்டிக்கறான்."

மணமகள்தான் கடைசியில் வரவேண்டும்; அதுவரை யார் கண்ணிலும் படக்கூடாது. பூக்கட்டிய ஜீப்பில், கோயிலுக்கு எதிரே புளியமரத்தடியில், அப்பா அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். ஞானத்தாய்கள் மூவரும் மூன்று நிறத்தில் உள்ளே போனார்கள். அடுத்து மாப்பிள்ளை தாயோடு போகவேண்டும். ஆர்செனியோ மெல்லிய அன்னாசிநார்ச் சட்டையில் வாசலில் நின்றான். பக்கத்தில் யாரும் இல்லை. பிலார் டீச்சர் வராமலில்லை. எல்லோருக்கும் முன்னால் வந்து, ஊதா நிற உடையில், முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. நிக்கானோர் அவரிடம் குனிந்து ஏதோ கெஞ்சினார். டீச்சரின் முதுகு அசையவில்லை.

கோயில் பணியாளர் சைகை காட்டினார். ஆர்செனியோ ஒரு அடி வைத்தான், நின்றான், சட்டையின் கழுத்தைச் சரிசெய்தான். பள்ளிக்கூடத்து முதல் நாளில் வகுப்பறை தெரியாமல் நிற்கும் பிள்ளையைப்போல் இருந்தது.

டோராய் ஜீப்பின் கதவைத் திறந்தாள்.

"ஏய், எங்க போற?" என்றார் மெல்ச்சோர். "முறைன்னு ஒண்ணு இருக்கு."

"முறைய அவங்க மாத்திட்டாங்கப்பா. இப்ப நான் மாத்தறேன்."

கவுனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். ஒரு மூன்று சக்கர வண்டிக்காரன் பிரேக் போட்டு வாயைப் பிளந்தான். பாசிங்கும் மெல்ச்சோரும் பின்னால் ஓடிவந்தார்கள்.

"மனாங், நீங்க இப்ப வரக்கூடாதே" என்றான் ஆர்செனியோ.

"வந்துட்டேன். நட."

அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் கோத்துக்கொண்டாள். ஆர்மோனியம் வாசிப்பவர் மாப்பிள்ளைக்கான பாட்டை வாசிப்பதா பெண்ணுக்கான பாட்டை வாசிப்பதா என்று தெரியாமல் ஒன்றைத் தொடங்கி, நிறுத்தி, மற்றதைத் தொடங்கினார். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. மீன்காரிகளில் ஒருத்தி கைதட்டியே விட்டாள். ஒரே ஒரு தலை மட்டும் திரும்பவில்லை.

பீடத்தின் படியருகே பாதிரியார் கையை விரித்தபடி காத்திருந்தார். டோராய் அங்கே போகவில்லை. முதல் வரிசையில் நின்றாள். பிலார் டீச்சர் மடியிலிருந்த கைப்பையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நேரே சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர்கள் கையை நீட்டினால்தான் அதை நெற்றியில் ஒற்றி ஆசி வாங்குவது வழக்கம். அவர் நீட்டவில்லை. டோராய் குனிந்தாள், கைப்பையின் பிடியிலிருந்து அந்த வலது கையை விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள், தன் நெற்றியில் அழுத்தி வைத்துக்கொண்டாள். ஆர்மோனியம் நின்றுபோயிற்று. டீச்சர் வாயைத் திறந்து ஏதாவது ஒன்று சொல்லும்வரை விடுவதில்லை என்பதுபோல், குனிந்த நிலையிலேயே, அந்தக் கையைப் பிடித்தபடி நின்றாள்.