மருமகனின் ஓட்டமும் மாமியின் கிணற்றுப் பங்கும்

பண்டத்தரிப்பு ஞானாம்பிகைக்கு ஆரையும் மதிச்சுப் பழக்கமில்லை. புருசன் செத்த பிறகு தனியாளாய் வெங்காயத் தோட்டம் வைச்சு, மகளைப் படிப்பிச்சுக் கரைசேர்த்த மனுசி. வாய் நீளம் எண்டால் நீளம்தான். கனடாவிலையிருந்து வந்த மருமகன் செந்தூரன், கொழும்புத்துறைக் கடலிலை நீந்தி, சைக்கிளிலை தீவுப்பக்கமெல்லாம் சுத்தி, பிறகு பண்டத்தரிப்பு மட்டும் ஓடிவாற போட்டியிலை நிக்கிறன் எண்டு சொல்ல, வெத்திலையைத் துப்பிப்போட்டுக் கேட்டாள்: “ஏன் தம்பி, பஸ் ஓடேல்லையோ?”

அந்தப் போட்டியிலை ஒரு சட்டம். ஓடுறவனுக்கு ஒரு துணையாள் வேணும். தண்ணியோ சாப்பாடோ அந்த ஆளின்ரை கையாலைதான் வாங்கலாம். கடைசி மைலை ரெண்டுபேரும் சேர்ந்து, கொடி நட்ட பாதை விலகாமல் முடிக்கவேணும். துணைக்கு வந்தது மகள் கீர்த்திகா. அவள் கடைசி மைலுக்கு வான் வண்டியாலை இறங்கேக்கை கால் பிரண்டு குந்திவிட்டாள். வேடிக்கை பாக்க வந்து நிண்ட தாயைப் பிடிச்சு அழுதாள்: “அம்மா, நீங்கள் போங்கோ. இல்லாட்டி இவரை விலக்கிப்போடுவினம். ஒரு வருசமாய் விடிய எழும்பி ஓடினவர்.”

“கோதாரி! எனக்கும் விசர் பிடிக்கவேணுமோ?” எண்டு சீலையை இழுத்துச் செருகினாள்.

செந்தூரன் உரிச்ச கோழி மாதிரி வந்து சேர்ந்தான். நாலு வளவு தாண்டினதும் கொடி நட்ட பாதை ஒரு ஒடுங்கின ஒழுங்கைக்குள்ளை திரும்பிச்சுது. மனுசி அப்பிடியே நிண்டுவிட்டாள். அது தமையன் இராசநாயகத்தின்ரை ஒழுங்கை. தகப்பன் ரெண்டுபேருக்கும் விட்ட பங்குக் கிணத்தை மதில் கட்டித் தன்ரை பக்கம் வளைச்சவர் அவர். “செத்தாலும் உன்ரை வீட்டுப் பச்சைத்தண்ணி வாயிலை வைக்கமாட்டன்” எண்டு மண் அள்ளித் திட்டிப்போட்டு வந்தவள், அண்டு தொடக்கம் கோயிலுக்கும் தோட்டத்துக்குள்ளாலை சுத்தித்தான் போறாள்.

“நான் உதுக்குள்ளை வரமாட்டன்.”

“மாமி, விலகினால் என்ரை ஓட்டம் அதோடை முடிஞ்சுது,” எண்டான் செந்தூரன். அழுகிறானோ வேர்க்குதோ தெரியேல்லை. பின்னாலை மோட்டச்சைக்கிளிலை போட்டி நடத்திறவன் பாத்துக்கொண்டு வாறான்.

“நீந்த ஒரு கடல், ஓட இந்த ஒழுங்கை! வேறை இடமே கிடைக்கேல்லை இந்த மடையங்களுக்கு,” எண்டு திட்டிக்கொண்டு முகத்தை மற்றப்பக்கம் திருப்பி நடந்தாள்.

பாதி வழியிலை கொண்டுவந்த தண்ணிப் போத்தில் காலி. செந்தூரனுக்குக் கால் பின்னத் தொடங்கிச்சுது. வாசல் படலையடியிலை இராசநாயகம் செம்போடை நிண்டார்.

“குடியுங்கோ தம்பி.”

அவன் நாக்கு வறண்டு செம்பையே பாத்தான். ஆனால் கை நீட்டேல்லை. தலையை ஆட்டி மாமியைக் காட்டினான். கிழவர் செம்பை மெல்லத் தங்கைச்சி பக்கம் திருப்பினார். தலையைக் குனிஞ்சுகொண்டு நீட்டினார். நல்லா வேணும் எண்டு நினைச்சாள் ஞானாம்பிகை. நினைக்கேக்கையே பாவமாயும் கிடந்தது, அதுக்கும் கோவம் வந்தது.

“செம்பு கழுவினதோ?”

“ஓம்.”

இத்தனை வருசத்துக்குப் பிறகு கதைச்ச கதை அவ்வளவுதான். வாங்கி மருமகனிட்டைக் குடுத்தாள். அவன் மடமடவெண்டு குடிச்சு, பாதியைத் திருப்பித் தந்தான்.

மத்தியான வெயில். அவளுக்கும் தொண்டை காய்ஞ்சு கிடந்தது. செம்புக்குள்ளை எட்டிப் பாத்தாள். பிறகு அண்ணாந்து ஒரு சொட்டு விடாமல் குடிச்சாள்.

“என்ன பாக்கிறாய்? பாதி என்ரை பங்கு. என்ரையைத்தான் குடிச்சனான்,” எண்டு வெறுஞ்செம்பைத் தமையன்ரை கையிலை திணிச்சாள். “நாளைக்கு வாளியோடை வாறன். படலையைத் திறந்து வை.”